கட்டையர் வீட்டுக் களைப்பு

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் காலை, என் கணவர் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "இஞ்சேரும், என்ரை கையை ஒருக்கால் தூக்கி நெஞ்சிலை வைச்சுவிடும்" என்றார்.

புது மாப்பிள்ளையின் சரசம் என்று நினைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே கையைத் தொட்டேன். நனைந்த சாக்கு மாதிரிக் கனத்தது. தூக்கி நெஞ்சில் வைத்தேன். வழுக்கி மெத்தையில் விழுந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

"காலும் இப்பிடித்தான் கிடக்கு," என்றார். "பயப்பிடாதையும். மத்தியானத்துக்குள்ளை சரிவந்திடும்."

முகம் அசைகிறது, கண் அசைகிறது, பேச்சு தெளிவாக வருகிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார். கோப்பாயில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பத்து நிமிடத்தில் முற்றத்தில் நின்றது.

எனக்கு உறைத்தது அந்த "மத்தியானத்துக்குள்ளை" என்ற சொல்தான். முதல்தரம் வருகிற வருத்தம் எத்தனை மணிக்குப் போகும் என்று யாருக்காவது தெரியுமா?

நீர்வேலியிலிருந்து மாமியார் வாடகைக் காரில் வந்து இறங்கினார். எல்லோரும் அழுகிறார்கள். அவர் மகனை ஒரு தரம் பார்த்துவிட்டு, என் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"ராத்திரி எத்தினை தரம் பாயசம் குடுத்தனியள்?"

முதல்நாள் எங்கள் வீட்டில் நாலாம் சடங்கு. ஆட்டிறைச்சியும் சோறுமாகப் பெரிய விருந்து. மாப்பிள்ளையின் இலையில் சோறு குறையக் குறைய என் மாமன்மார் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பாயசம் மூன்று தரம். அவரும் மறுக்கவில்லை.

"களைப்பு," என்றார் மாமி, முற்றத்தில் நின்றவர்களுக்கு. "கலியாணக் களைப்பு. எல்லாரும் போங்கோ."

பதினொரு மணிக்குக் கால்விரல் அசைந்தது. இரண்டு மணிக்கு மாமரத்தின் கீழே கதிரை போட்டிருந்து பேப்பர் வாசித்தார். அம்மா அவருக்கு உப்பும் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தார். நான் மட்டும் அறைக்குள் இருந்து யோசித்தேன்: இவர்களுக்கு இது முன்பே தெரியும். ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு மாமியார் மேல் எனக்கு ஏறிய கோபம் எட்டு வருடம் இறங்கவில்லை.

ஆறடிக் கட்டையர்

அவர்களது வீட்டுக்கு ஊரில் 'கட்டையர் வீடு' என்று பட்டப்பெயர். என் கணவர் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. மாமனாரும் நெட்டை என்று படத்தில் தெரிந்தது. கல்யாணம் பேசிய தரகரிடம் நானே கேட்டேன், நெட்டையான ஆட்களுக்கு ஏன் கட்டையர் என்று பெயர் என. "உது பகிடிக்கு வைச்ச பேர் பிள்ளை" என்று மழுப்பிவிட்டார்.

நீர்வேலிக்குக் குடிவந்து இரண்டாம் வருடம்தான் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாய்தவறிச் சொன்னார். மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் சில காலைகளில் மரக்கட்டை மாதிரிக் கிடப்பாராம். வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் முறை தப்பிப்போகும். மத்தியானம் எழும்பி மண்வெட்டியோடு வருவார். ஊர் அவரைப் 'பஞ்சி பிடித்த மனிசன்' என்றது. சோம்பேறி என்ற பெயரோடுதான் அவர் செத்தும் போனார்.

என் கணவர் கொழும்பில் கிளார்க் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்தவர். அவருக்கும் பதினேழு வயதிலிருந்து இது வந்துபோனது அறைத் தோழர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கேட்பேன்.

"அம்மா..." என்று இழுப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு பார்க்காத வைத்தியம் இல்லை. பரியாரி வாதம் என்று எண்ணெய் தந்தார். பூசிப் பூசித் தலையணை எல்லாம் நாறியது. என் சித்தி செய்வினை என்று நூல் கட்டினார். பட்டணத்தில் தனியாக வைத்தியம் பார்த்த ஒருவரிடம் போனோம். இவர் சொந்தக் காலில் நடந்துபோய் அவர் முன்னால் இருந்தார். அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி. மனதிலை ஏதும் கவலை இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். கவலையே நான்தான் என்கிற மாதிரி!

இந்த வருத்தத்தின் கொடுமை அதுதான். வீட்டில் கட்டையாகக் கிடக்கும். கார் தேடி, பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்து, நாலு பேர் பிடித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேரும்போது, ஆள் தானாக இறங்கி நடந்துபோவார். மூன்று தரம் இப்படி நடந்தது. மூன்றாந்தரம் கார்க்காரர், "அக்கா, அடுத்தமுறை பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

வேண்டுமென்றே ஒரு விருந்து

பெரியாஸ்பத்திரியில் அப்போது ஒரு இளம் டொக்டர் இருந்தார். அவர் மட்டும்தான் கதையை முழுக்கக் கேட்டார். எத்தனை மணிக்கு வரும், முதல்நாள் என்ன வேலை, என்ன சாப்பாடு, தகப்பனுக்கும் இருந்ததா என்று எல்லாம் எழுதினார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு," என்றார். "ஆனா விழுந்து கிடக்கிற நேரம் இரத்தம் எடுத்துப் பாக்கவேணும். நடந்து வாற ஆளிலை எடுத்து என்ன செய்யிறது?"

நீர்வேலியிலிருந்து விழுந்து கிடக்கிற ஆளை நேரத்துக்குக் கொண்டுவர முடியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் அக்கா பட்டணத்தை ஒட்டிய கொழும்புத்துறையில் இருந்தார். அங்கேயிருந்து ஆஸ்பத்திரி கிட்ட. அங்கே போய், இவருக்கு நானே வருத்தத்தை வரவழைத்தால் என்ன?

இவரிடம் சொன்னேன். விருந்து என்றவுடன் சம்மதம்.

பின்னேரம் வெயிலுக்குள் நீர்வேலிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பி வரச் சொன்னேன். வந்தவருக்கு ஒரு மலை சோறு, இறைச்சிக் கறி, அதற்கு மேல் சர்க்கரைப் பொங்கல், பாயசம். அக்கா என்னைப் பார்த்து, "உவரைக் கொல்லப் போறியோ?" என்று பகிடியாகக் கேட்டார். விடியற்காலைக்கு ஒரு ஒஸ்ரின் காரும் சொல்லி வைத்திருந்தேன்.

விடிந்தது. "இஞ்சேரும்!" என்று கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "வந்திட்டுது! எழும்பேலாமல் கிடக்கு!"

நானும் சிரித்தேன். சோதனையில் பாஸ் பண்ணின பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். கதிரையில் வைத்துத் தூக்கிக் காரில் ஏற்றினோம்.

டொக்டர் இரத்தம் எடுத்தார். நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் படம் எடுத்தார். கடதாசியில் வந்த கோட்டைப் பார்த்தவருடைய முகம் மாறியது. ஒரு தாதியை ஓடச் சொல்லி ஒரு மருந்தைக் கொண்டுவரப் பண்ணினார். வாயில் ஊற்றினார்கள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி என்ன சாப்பிட்டவர்?"

நான் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளையும் சொன்னேன்.

"உங்களுக்கு விசரோ?" என்று சத்தம் போட்டார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வரேக்கை கொண்டுவாங்கோ எண்டனான். வரப்பண்ணிக் கொண்டுவாங்கோ எண்டு சொன்னனானோ? இரத்தத்திலை உப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா நெஞ்சு நிண்டுபோயிருக்கும்!"

சிரித்துக்கொண்டு ஏற்றி வந்தவரைக் கட்டிலில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதற்கு மட்டும்தான் அவருக்கு அப்போது பலம் இருந்தது.

இரண்டு மணித்தியாலத்தில் விரல் அசைந்தது. பின்னேரம் டொக்டர் கோபம் ஆறிப் பக்கத்தில் வந்திருந்து விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. இந்தக் குடும்பத்து ஆட்களுக்கு வயிறு நிறைய மாச்சாப்பாடும் இனிப்பும் போனால், அல்லது கடும் வேலை செய்துவிட்டு ஓய்ந்து படுத்தால், அந்த உப்பு இரத்தத்தை விட்டுத் தசைக்குள் ஓடிவிடும். தசை கேட்காது. பேயும் இல்லை, பஞ்சியும் இல்லை, மனக்கவலையும் இல்லை. பிறப்போடு வருவது.

"பிள்ளையளுக்கும் வருமோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கனக்கக் குறைவாத்தான் காட்டும்."

அப்போது எனக்கு மூன்று மாதம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க மாமியாரைத்தான் மனதுக்குள் பேசிக்கொண்டு வந்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ"

பெயர் தெரிந்தால் பாதி வருத்தம் போகும் என்பார்கள். போகவில்லை. இரவில் சோறு இல்லை, கொஞ்சமாகப் பலதரம் சாப்பிட வேண்டும், கறியில் போடும் உப்பைக் குறைக்க வேண்டும், தோட்ட வேலை முடிந்ததும் தொப்பென்று படுக்கக் கூடாது, மருந்துக் கலவையைத் தினமும் குடிக்க வேண்டும். இதை யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் எப்படிச் செய்வது? எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு. வேண்டாம் என்றால், "ஏன், எங்கடை வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ?" சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் புட்டுக்கு மறுத்ததற்காக இன்றைக்கும் எங்களோடு கதைப்பதில்லை.

பொட்டாசியம் வாழைப்பழத்தில் இருக்கிறது என்று யாரோ கேள்விப்பட்டார்கள். நீர்வேலியில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்! சீப்புச் சீப்பாகக் கொண்டுவந்தார்கள். "மருந்துதானே" என்று இவர் ஒரே இருப்பில் பதினொரு கதலி சாப்பிட்டார். பழத்தில் இருக்கிற இனிப்பு ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலை கட்டை.

எல்லாரையும் விடப் பெரிய தலையிடி இவர்தான். கலவை உவர்க்கிறது என்று முகத்தைச் சுளிப்பார். நான் தபால் கந்தோருக்கு வேலைக்குப் போன பிறகு சங்கக்கடைக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்பார். கேட்டால், "ஒண்டே ஒண்டு" என்பார். காலையில் கட்டில் சொல்லிவிடும் எத்தனை என்று.

மகள் பிறந்தாள். தவழ்ந்தாள், ஓடினாள். விடியற்காலையில் அவள் காலைக் கிள்ளிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிள்ளை எரிச்சலோடு உதைப்பாள். அந்த உதையில் எனக்கு ஒரு நிம்மதி.

பிறகு பொருளாதாரத் தடைக்காலம் வந்தது. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, மருந்து வருவது மழை வருவது மாதிரி. கலவைப் போத்தலைத் துளி கணக்கில் பாவித்தோம். இல்லாத நாட்களுக்கு இளநீர்.

அப்படி ஒரு காலை, இவர் கட்டையாகக் கிடக்கும்போது பொம்பர் பிளேன் சத்தம் கேட்டது. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டார். ஆறடி மனிதனை நான் ஒருத்தி எப்படி இழுப்பது?

"நீர் போம்," என்றார் இவர்.

"வாயை மூடுங்கோ."

"பிள்ளைக்கு ஒராள் வேணுமெல்லே. போமெண்டு சொல்லுறன்!"

"ராத்திரி எத்தினை மோதகம் சாப்பிட்டனீங்கள்?"

கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"எத்தினை எண்டு கேட்டனான்!"

"ஆறு."

குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. யன்னல் அதிர்ந்தது. நான் கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்து, ஆறு மோதகத்துக்காக அவரைப் பேசிக்கொண்டே இருந்தேன், பொம்பர் போகும் வரைக்கும்.

வதனிக்கு வந்த சம்பந்தம்

இவரது தங்கை வதனிக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கோண்டாவிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளைக்கும் அவளைப் பிடித்திருந்தது. வதனி ஒருநாளும் முழுக்க விழுந்ததில்லை. இரண்டு தரம் மட்டும் காலையில் கால் இரும்பு மாதிரிக் கனத்து, சுவரைப் பிடித்து நடந்திருக்கிறாள். அது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவேணும்," என்றேன் இவரிடம்.

"அம்மா விடமாட்டா."

சண்டைக்குத் தயாராகத்தான் மாமியிடம் போனேன். எட்டு வருடமாகச் சேர்த்து வைத்த வசனங்கள் எல்லாம் கையில் இருந்தன. மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அவளின்ரை கலியாணம். அவளைக் கேள்," என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டை பிடிக்க வந்த ஆளுக்கு இப்படியா பதில் சொல்வது?

வதனி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அஞ்சாம் நாள் நீங்கள் கத்தினமாதிரி அந்த மனிசன் கத்தக்கூடாது, மச்சாள்," என்றாள். மாப்பிள்ளைக்கு அவளே இரண்டு பக்கம் எழுதினாள். தகப்பன், தமையன், தன் கால், பிறக்கப்போகும் பிள்ளைகள், ஒன்றையும் விடவில்லை. என்னிடம் வாசிக்கத் தந்தாள். நானே முத்திரை குத்தித் தபாலில் போட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு காலை, தபால் கந்தோரில் என் யன்னலுக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய் வந்து நின்றார். பின்னால் பென்சன் எடுக்க வந்தவர்கள் ஐந்தாறு பேர்.

"வதனியின்ரை மச்சாள் நீதானே?"

"ஓம் அம்மா."

"அந்தப் பிள்ளை எழுதினதெல்லாம் உண்மையோ?"

"ஓம். ஒண்டும் கூட்டியும் எழுதேல்லை, குறைச்சும் எழுதேல்லை."

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார். "அப்ப எனக்கு ஒண்டு சொல்லு பிள்ளை. உனக்கு முதலே தெரிஞ்சிருந்தா நீ உன்ரை மனிசனைக் கட்டியிருப்பியோ?"

ஒரு பொய் சொன்னால் போதும், வதனிக்குக் கல்யாணம். நா நுனி வரை வந்தது.

"மாட்டன்," என்றேன்.

"இப்ப விட்டிட்டுப் போவியோ?"

"அம்மா, உந்தக் கேள்விக்கெல்லாம் எனக்கு இப்ப நேரமில்லை. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அவர் இரண்டு முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சம்பந்தத்தை நானே உடைத்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்றைக்குக் கந்தோர்க் கணக்கு இரண்டு தரம் பிழைத்தது.

உடையவில்லை. அடுத்த ஆவணியில் வதனிக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. அந்தத் தாய் வந்துபோன அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததை.

யார் சொல்லவில்லை?

இவர் தோட்டத்தில் வாழைச் சருகு வெட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தாய் வந்ததைச் சொன்னேன். கேட்டதைச் சொன்னேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"மாட்டன் எண்டனான். என்னைக் கோவியாதையுங்கோ. வாயிலை பொய் வரேல்லை."

கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு அது தெரியும்," என்றார். "அதுதான் நான் சொல்லேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்களோ? மாமியெல்லே..."

"அம்மா சொல்லச் சொன்னவ. கலியாண எழுத்துக்கு முதலும் சொன்னவ, பிறகும் சொன்னவ. தான் வந்து உம்மட்டைச் சொல்லுறன் எண்டும் கேட்டவ. நான்தான் காலைப் பிடிச்சு மறிச்சனான்."

வாழை இலைகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் 'அம்மா...' என்று இழுத்துவிட்டு மிச்சத்தை என்னை நினைக்க விட்ட மனிதன்! நான் வேலிக்கு அந்தப் பக்கம் போனேன்.

மாமி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமி நீங்கள் வாய் திறக்கேல்லை? நான் உங்களை எவ்வளவு பேசியிருப்பன்!"

மாமிக்கு என்ன கதை என்று உடனே விளங்கிவிட்டது. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"உனக்குக் கோவிக்க ஒராள் வேணும் பிள்ளை. அவனைக் கோவிச்சிருந்தா நீ அண்டைக்கே கோப்பாய்க்குப் போயிருப்பாய். என்னைக் கோவிச்சா எங்கை போறது? பின்னேரம் திரும்பவும் அவனட்டைத்தானே வந்து என்னைப் பற்றி முறைப்பாடு சொல்லுவாய்."

துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"என்ரை மனிசனுக்கும் இதுதானே. எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு மாமியார் இல்லை, அவரைத்தான் கோவிச்சனான். பஞ்சி எண்டு நானும் சேர்ந்துதான் பேசினனான். அவர் அதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போனார்."

வாளியில் மிஞ்சிக் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். மாமி வாங்கிக் கொடியில் போட்டார். இரண்டு பேரும் வாளி வெறுமையாகும்வரை அதைச் செய்தோம்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் என் கணவரோடு நான் பேசவில்லை. கல்யாணம் கட்டி எட்டு வருடத்தில் அவரோடு நான் உண்மையாகக் கோபித்தது அதுதான் முதல்தரம். கலவையை மட்டும் நேரத்துக்கு அளந்து, சத்தம் கேட்க மேசையில் வைத்தேன். மூன்று நாளும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

கோப்பாய்க்குப் போக வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பது நாலாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.